மூன்று பாப்பரசர்களின் வழக்கைத் தீர்த்த ஊர்: கான்ஸ்டன்ஸ் நாள்குறிப்பு

திங்கட்கிழமை

சூரிக் விமான நிலையத்தில் ஏறிய ரயில், ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த துர்காவ் மாநிலத்தைக் கடந்து, போடன் ஏரிக்கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் நிலையத்தில் நண்பகலில் இறக்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் குரொய்ஸ்லிங்கன் ஊரும் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் ஊரும் தெருவோடு தெருவாக ஒட்டிக் கிடப்பதால், எல்லையைத் தாண்டியதே தெரியவில்லை. நிலையத்துக்குப் பின்புறம் படகுத்துறை. அதன் ஓரத்தில், உயர்ந்த ஓட்டுக்கூரையும் சிறு சன்னல்களுமாக ஒரு பெரிய பண்டகசாலை நிற்கிறது. இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வரும் சரக்குகளை இறக்கி வைப்பதற்காக 1388இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. 1417 நவம்பரில் அந்தக் கட்டடத்துக்குள்தான் ஒரு பாப்பரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு முன்பிருந்த மூவரில் ஒருவர் தாமாகப் பதவி விலகினார், இருவரை இந்த ஊரில் ஆயர்களும் அறிஞர்களும் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் பதவி நீக்கியது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் புனித பேதுரு தொடங்கி ஒருவர்பின் ஒருவராக வந்த பாப்பரசர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரே காலத்தில் மூன்று பேர் "நானே பாப்பரசர்" என்று ஆண்டார்கள் என்பதைக் கல்லூரி நூலகத்தில் முதன்முதலாகப் படித்தபோது ஏற்பட்ட திகைப்பு இன்றுவரை தீரவில்லை. அந்தச் சிக்கலை வாளால் அல்லாமல் விவாதத்தாலும் வாக்கெடுப்பாலும் தீர்த்த பொதுச்சங்கம் இந்த ஊரில் 1414 நவம்பர் 5 அன்று தொடங்கி, 45 அமர்வுகள் கூடி, 1418 ஏப்ரல் 22 அன்று நிறைவடைந்தது. அதே சங்கம்தான் யான் ஹுஸ் என்ற பிராகு நகரத்துக் குருவைத் தீக்கு இரையாக்கியது. இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்துப் பழகியிருக்கிறோம். இரண்டும் ஒரே அவையின் வேலை, மூவரில் ஒருவர் விலகியதும் ஹுஸுக்குத் தீர்ப்பு வந்ததும் ஒரே வாரத்தில் என்பதால், அந்த இடங்களை நேரில் பார்த்து யோசிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்திருக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1378 ஏப்ரலில் உரோமையில் கர்தினால்மார் 6ஆம் அர்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களிலேயே அவருடைய கடுமையைத் தாங்க முடியாமல், மக்கள் கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சியே வாக்களித்தோம் என்று சொல்லி, அதே ஆண்டு செப்டம்பரில் 7ஆம் கிளமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் உரோமையிலும் மற்றவர் இன்றைய தென்பிரான்சின் அவிஞ்ஞோனிலும் அமர்ந்தனர். பிரான்சும் ஸ்காட்லாந்தும் ஒரு பக்கம், இங்கிலாந்தும் ஜெர்மனியின் பெரும்பகுதியும் மறுபக்கம் என்று கிறிஸ்தவ ஐரோப்பா பிளந்தது. 1409இல் பிசா நகரில் கூடிய சங்கம் இரு தரப்பாரையும் நீக்கிவிட்டுப் புதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. முன்னவர் இருவரும் விலக மறுத்ததால், இரண்டு மூன்றாயிற்று. உரோமை வழியில் 12ஆம் கிரகோரி, அவிஞ்ஞோன் வழியில் 13ஆம் பெனடிக்ட், பிசா வழியில் 23ஆம் யோவான் என்ற நிலையில்தான் ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்டு களத்தில் இறங்கினார். நேப்பிள்ஸ் அரசரின் படை 1413இல் உரோமையைக் கைப்பற்றியதால் ஓடி வந்திருந்த யோவானுக்கு அரசரின் துணை தேவைப்பட்டது. அதற்கு விலையாக, சிகிஸ்மண்டு சொன்ன ஊரில் பொதுச்சங்கத்தைக் கூட்டச் சம்மதித்தார். அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட நகரம், ஏரி வழியாக உணவும் வைக்கோலும் வந்து சேரும் வசதி, இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் நடுவான இடம் ஆகியவை கான்ஸ்டன்சுக்குச் சாதகமாக அமைந்தன.

செவ்வாய்க்கிழமை

இன்று முழுவதும் பேராலயத்தில் கழிந்தது. 1089இல் அர்ச்சிக்கப்பட்ட நடுக்கூடம் இன்னும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் இருபுறமும் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே நடந்து பீடத்தை நோக்கிச் சென்றேன். சங்கம் கூடியபோது இந்தக் கூடத்தின் இரு பக்கங்களிலும் படிப்படியாக உயரும் மர இருக்கைகளை அமைத்திருந்தார்கள். மேல்வரிசையில் கர்தினால்மாரும் பேராயர்களும், அடுத்து ஆயர்களும் மடத்தலைவர்களும், கீழே பல்கலைக்கழக அறிஞர்களும் எழுத்தர்களும் அமர்ந்தனர்.

சிகிஸ்மண்டு அரசர் 1414ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில், ஊபர்லிங்கன் கரையிலிருந்து படகில் ஏரியைக் கடந்து, குளிர் தணிய நகர மன்றத்தில் சற்று நேரம் தங்கிவிட்டு, நேராக இங்கே வந்தார். பாப்பரசர் யோவான் திருப்பலி நிறைவேற்ற, அரசர் திருத்தொண்டருக்குரிய (குருவுக்கு அடுத்த கீழ்நிலைப் பணியாளருக்குரிய) உடையணிந்து நற்செய்தியை வாசித்தார். "அகுஸ்து சீசரிடமிருந்து கட்டளை பிறந்தது" என்று தொடங்கும் பகுதி அது. கட்டளை யாருடையது என்று அவையில் இருந்த எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

யோவான் ஏராளமான இத்தாலிய ஆயர்களைத் தம்மோடு அழைத்து வந்திருந்தார். தலைக்கு ஒரு வாக்கு என்றால் வெற்றி தமக்கே என்பது அவர் கணக்கு. 1415 பிப்ரவரியில் அந்தக் கணக்கு தவிடுபொடியாயிற்று. இத்தாலியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான்கு நாட்டுக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனியே கூடி விவாதித்து, குழுவுக்கு ஒரு வாக்கு என்ற முறையை ஏற்றுக்கொண்டார்கள். இதன்படி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆங்கில ஆயர்களும் பெருந்திரளான இத்தாலிய ஆயர்களும் சமமானார்கள். குழுக் கூட்டங்களில் ஆயர்கள் மட்டுமின்றி இறையியல், சட்ட அறிஞர்களும் வாக்களித்தார்கள். பின்னர் 1416இல் ஸ்பானியர்கள் ஐந்தாவது குழுவாகச் சேர்ந்தார்கள். குழுக்கள் இணங்கிய தீர்மானமே பேராலயத்துப் பொது அமர்வில் வாசிக்கப்படும். வாசித்து முடிந்ததும் இசைவு தெரிவிக்க வேண்டியதுதான் அங்கே மிச்சமிருந்த வேலை. பல்கலைக்கழகங்களில் மாணவர்களை நாடுவாரியாகப் பிரிக்கும் வழக்கத்திலிருந்து வந்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யாரையும் தூற்றாமல், கதவை அடைக்காமல், கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்தவரின் பலத்தை ஒரே விதியால் கரைத்துவிட்டார்கள்.

மற்ற இருவரும் விலகினால் தாமும் விலகுவதாக மார்ச் 2 அன்று யோவான் இதே பீடத்தின் முன் மண்டியிட்டு வாக்குறுதியை வாசித்தார். சிகிஸ்மண்டு தம் மணிமுடியைக் கழற்றி வைத்துவிட்டு அவருடைய பாதத்தை முத்தமிட்டார். மார்ச் 20 அன்று, ஊரே ஒரு போட்டி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், குதிரைக்காரன் வேடத்தில் பாப்பரசர் நகரை விட்டுத் தப்பி, ஆஸ்திரியக் கோமகன் பிரெடெரிக்கின் துணையோடு ஷாஃப்ஹவுசன் சென்று சேர்ந்தார். கூட்டியவரே ஓடிப்போனால் சங்கம் கலைந்துவிடும் என்று பலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மறுநாள் சிகிஸ்மண்டு எக்காளம் ஊதச் செய்து, தெருத்தெருவாகக் குதிரையில் சென்று, சங்கம் தொடரும், யாரும் அஞ்ச வேண்டாம் என்று அறிவித்தார். மார்ச் 23 அன்று பாரிஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் ஜெர்சோன், பொதுச்சங்கத்துக்குப் பாப்பரசரும் கீழ்ப்பட வேண்டியவரே என்று மறையுரை ஆற்றினார்.

அடுத்து நடந்ததைப் பேராலயத்தின் நடுக்கூடத்தில் நின்றபடியே கற்பனை செய்து பார்த்தேன். மார்ச் 30 அமர்வில் தீர்மானத்தை வாசிக்கும் பொறுப்பு கர்தினால் சபரெல்லாவிடம் இருந்தது. அவர் சிறந்த சட்ட அறிஞர். நாட்டுக் குழுக்கள் எழுதிக்கொடுத்த வாசகத்தின் கூர்மையான பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். குழுக்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 6 அன்று மீண்டும் கூடி, சபரெல்லாவை விட்டுவிட்டு, போஸ்னான் நகர ஆயரைக் கொண்டு முழு வாசகத்தையும் வாசிக்கச் செய்தார்கள். இந்தச் சங்கம் தன் அதிகாரத்தைக் கிறிஸ்துவிடமிருந்து நேரடியாகப் பெறுகிறது; விசுவாசம், பிளவின் நீக்கம், தலையிலும் உறுப்புகளிலும் திருச்சபையின் சீர்திருத்தம் ஆகியவற்றில் பாப்பரசர் உட்பட எந்த நிலையில் இருப்பவரும் இதற்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். மே 29 அன்று யோவானைப் பதவி நீக்கினார்கள்.

பீடத்துக்கு அருகே தரையில் பதித்திருக்கும் ஒரு பித்தளைப் பட்டயத்தின் முன் நெடுநேரம் நின்றேன். ஆயர்முடியும் ஆயர்கோலும் தாங்கிய ஓர் உருவத்தின் கோடுகள் அதில் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள். குனிந்து பார்த்தால் உடையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கீற்றாகத் தெரிகின்றன. சாலிஸ்பரி ஆயர் ராபர்ட் ஹாலம் அங்கே துயில்கிறார். ஆங்கிலக் குழுவின் தலைவரான அவர், சீர்திருத்தத்தை முடித்துவிட்டுத்தான் புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடியவர். 1417 செப்டம்பர் 4 அன்று அவர் இறந்தபின் ஆங்கிலேயர்கள் நிலையை மாற்றிக்கொண்டார்கள். சங்கத்தின் போக்கையே திருப்பிய சாவு என்று அதைச் சொல்லலாம்.

புதன்கிழமை

காலை முழுவதும் மழை. ரோஸ்கார்டன் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். உல்ரிக் ரிக்கெந்தால் என்ற உள்ளூர்க் குடிமகன் சங்கத்தின் நாள்களைத் தம் கண்ணால் கண்டு, எழுதி வைத்த வரலாற்றின் படங்கள் நிறைந்த கைப்படி ஒன்று இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. நகலைப் புரட்டிப் பார்த்ததிலேயே அரை நாள் போயிற்று.

கர்தினால்மாரின் நாட்குறிப்புகளில் கிடைக்காத செய்திகள் ரிக்கெந்தாலிடம் கிடைக்கின்றன. ரொட்டி என்ன விலை, மீன் என்ன விலை, எந்த ஊர்ப் பிரபு எத்தனை குதிரைகளோடு வந்தார், யார் எந்த வீட்டில் தங்கினார் என்று எழுதிக்கொண்டே போகிறார். இத்தாலியர்கள் தவளையும் நத்தையும் வாங்கித் தின்றதை அவர் வியப்போடு குறித்திருக்கிறார். ஒரு படத்தில், சக்கரம் வைத்த வண்டியின் மேல் மண் அடுப்பு எரிகிறது. ரொட்டிக்காரர் ஒருவர் அதிலிருந்து பணியாரங்களைத் தள்ளி எடுக்க, பக்கத்தில் ஒரு கம்பில் முறுக்குப் போன்ற ரொட்டிகள் கோத்துத் தொங்குகின்றன. அன்றைய நகரத்தில் 6,000 முதல் 8,000 பேர் வரைதான் வாழ்ந்தார்கள். அதைப் போலப் பல மடங்கு மக்கள் இந்த மூன்றரை ஆண்டுகளில் வந்து போனார்கள். வாடகைக்கும் உணவுக்கும் நகர மன்றம் உச்ச விலை விதித்தது. படுக்கைக்கும் குதிரைக்கும் தனித்தனிக் கட்டணம்.

கீயெவ் நகரத்து மறைமுதல்வர் கிரகோரி சம்பிளாக் 1418 பிப்ரவரியில் தம் குழுவினரோடு வந்து, கிழக்கு முறைப்படி வழிபாடு நடத்தியதையும் இந்த வரலாறு படத்தோடு பதிவு செய்கிறது. கிரேக்கப் பேரறிஞர் மானுவேல் கிறிசொலொராஸ் 1415 ஏப்ரலில் இந்த ஊரிலேயே இறந்தார். பாப்பரசரின் செயலராக வந்திருந்த போஜ்ஜியோ பிராச்சியோலினி, அமர்வுகளுக்கு இடையே அருகிலுள்ள புனித கால் மடத்துக்குச் சென்று, பழைய ஓலைகள் போலத் தூசி படிந்து கிடந்த ஏடுகளுக்கு நடுவில் உரோமை ஆசிரியர் குயிண்டிலியனின் நூலை முழுமையாகக் கண்டெடுத்தார். அது 1416இல் நடந்தது. திருச்சபையின் வழக்கைத் தீர்க்கக் கூடிய இடம், ஐரோப்பா முழுவதிலுமிருந்து படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்த இடமாகவும் அமைந்தது. அச்சு இயந்திரம் வருவதற்கு முந்தைய காலத்தில் இதன் மதிப்பைக் குறைத்து எண்ணிவிட முடியாது.

வியாழக்கிழமை

வெயில் வந்துவிட்டது. தீவின் மேல் இருக்கும் பழைய தொமினிக்கன் மடம் இப்போது பெரிய விடுதியாக இயங்குகிறது. சிறு வாய்க்கால் ஒன்றே அதை நகரத்திலிருந்து பிரிக்கிறது. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள நடைக்கூடத்துச் சுவர்களில் இந்தத் தீவின் வரலாற்றை 19ஆம் நூற்றாண்டில் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். யான் ஹுஸ் சிறையிலிருந்த காலமும் அதில் உண்டு. வான்கப்பல் கண்ட செப்பலின் பிரபு பிறந்ததும் இதே தீவில்தான்.

பொகீமிய (இன்றைய செக்) நாட்டு மக்களுக்குத் தாய்மொழியில் மறையுரை ஆற்றிய ஹுஸ், திருச்சபையின் பேராசையையும், பாவமன்னிப்புச் சலுகைகளைக் காசுக்கு விற்பதையும் கண்டித்தவர். ஆங்கில அறிஞர் ஜான் விக்ளிஃபின் கருத்துகள் பலவற்றை மதித்தவர். சிகிஸ்மண்டின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பி, 1414 நவம்பர் 3 அன்று தாமாகவே இங்கு வந்து, ஃபிடா என்ற கைம்பெண்ணின் வீட்டில் தங்கினார். நவம்பர் 28 அன்று அவரைக் கைது செய்தார்கள். அரசர் அப்போது ஊருக்கே வந்து சேரவில்லை. பின்பு வந்து சினந்தார். பதிதம், அதாவது திருச்சபையின் கோட்பாட்டுக்கு முரணான போதனை, பற்றிய விசாரணையில் தலையிட்டால் சங்கத்தையே கலைத்துவிடுவோம் என்று கர்தினால்மார் சொன்னதும் அடங்கினார். இந்தத் தீவு மடத்தில் கழிப்பிடத்துக்கு அருகிலிருந்த அறையில் ஹுஸை அடைத்ததால் அவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். விசாரணைக்கு முன் இறந்துவிடக் கூடாது என்று பாப்பரசர் யோவான் தம் மருத்துவர்களை அனுப்பினார்.

பாப்பரசர் தப்பியோடியதும், காவலர்களும் அவர் பின்னால் போய்விட்டார்கள். ஹுஸை விடுவிக்கச் சிகிஸ்மண்டுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அதுவே. அவர் சாவியைக் கான்ஸ்டன்ஸ் ஆயரிடம் கொடுத்தார். ஆயர் ஹுஸைப் படகில் ஏற்றி, ரைன் ஆற்றின் போக்கில் கீழே உள்ள கோட்லீபன் கோட்டைக்கு அனுப்பினார். பிற்பகலில் நானும் அதே வழியில் படகில் போனேன். மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு நீர் ஓடும் அந்தக் குறுகிய பாதையில் இருபுறமும் நாணல், அதற்கப்பால் சுவிஸ் நாட்டுத் தோட்டங்கள். கோட்டை தனியாருக்குச் சொந்தமானது, உள்ளே விடுவதில்லை. சதுரமான இரு கோபுரங்களை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஹுஸ் மார்ச் மாத இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை இங்கே விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தார். பிடிபட்டுப் பதவியிழந்த 23ஆம் யோவானையும் அந்த ஜூன் தொடக்கத்தில் இதே கோட்டைக்குத்தான் கொண்டு வந்தார்கள்.

யோவான் பிற்பாடு விடுதலையாகி, புதிய பாப்பரசருக்குப் பணிந்து, மீண்டும் கர்தினாலாகி, 1419இல் ஃபுளோரன்சில் இறந்தார். அங்குள்ள திருமுழுக்கு ஆலயத்தில் தொனாத்தெல்லோவும் மிக்கெலோட்சோவும் செதுக்கிய கல்லறையில் அவர் இருக்கிறார். ஹுஸுக்குக் கல்லறை கிடையாது.

வெள்ளிக்கிழமை

ஹுஸ் தங்கியதாக மரபு சொல்லும் வீடு, அவர் பெயரைத் தாங்கிய தெருவில், ஷ்னெட்ஸ் வாயிலுக்கு அருகில் இருக்கிறது. செக் மக்கள் அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளம் குறுகலானது, மரப்படிகள் தேய்ந்திருக்கின்றன. காலையில் என்னோடு பிராகிலிருந்து வந்த ஒரு முதியவரும் அவருடைய பேத்தியும் மட்டுமே இருந்தார்கள். ஹுஸ் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பற்றிய பலகையின் முன் அந்தப் பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

1415 ஜூன் 5, 7, 8 ஆகிய நாள்களில் பிரான்சிஸ்கன் மடத்து உணவுக்கூடத்தில் விசாரணை நடந்தது. முதல் நாள் ஹுஸ் வாய் திறந்தபோதெல்லாம் கூச்சலிட்டு அடக்கினார்கள். ஜூன் 7 அன்று காலையில் சூரிய கிரகணம் ஏற்பட்டு, வெளிச்சம் திரும்பியபின் விசாரணை தொடர்ந்தது. பதிதமான கூற்றுகள் என்று சங்கம் பட்டியலிட்டவற்றில் பலவற்றைத் தாம் சொல்லவே இல்லை என்று ஹுஸ் கூறினார். சொல்லாததைக் கைவிடுவதாக ஆணையிட்டால் அது பொய்யாணை ஆகும் என்பது அவர் நிலை. சொன்னவற்றை மறைநூலைக் கொண்டு தவறு என்று காட்டினால் கைவிடத் தயார் என்றார். சங்கமோ விவாதம் செய்ய அங்கே கூடவில்லை. பணிந்து கைவிடுவதை மட்டுமே அது கேட்டது.

இந்த இடத்தில் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஏப்ரல் 6: சங்கம் பாப்பரசருக்கு மேற்பட்டது என்ற தீர்மானம். மே 4: விக்ளிஃபின் 45 கூற்றுகளுக்குக் கண்டனம், அவருடைய எலும்புகளைத் தோண்டி எறிய ஆணை. மே 29: யோவானின் பதவி நீக்கம். ஜூன் 15: திருப்பலியில் பொதுமக்களுக்குத் திருக்கிண்ணத்தில் திராட்சை இரசம் வழங்கக் கூடாது என்ற தீர்ப்பு. ஜூலை 4: 12ஆம் கிரகோரி பதவி விலகல். அன்று சங்கம் காட்டிய நயத்தை வியக்காமல் இருக்க முடியாது. கிரகோரியின் மதிப்பு கெடாதவாறு, அவரே சங்கத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஆணையேட்டை முதலில் வாசிக்கச் செய்து, அதன்பின் அவருடைய சார்பாளர் கார்லோ மலத்தெஸ்தா வாயிலாக விலகலைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு முதியவரின் மானத்தைக் காப்பதற்காக அத்தனை பொறுமை. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, அதே பேராலயத்தில் ஹுஸுக்குத் தீர்ப்பு.

இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று என்னால் நம்ப முடியவில்லை. பாப்பரசரை நீக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்று சொன்ன ஜெர்சோனும் கர்தினால் பியர் தாய்யியும்தான் ஹுஸை மிகக் கடுமையாக எதிர்த்தவர்கள். பாவத்தில் இருக்கும் பாப்பரசருக்கும் ஆயருக்கும் மெய்யான அதிகாரம் இல்லை என்று ஹுஸ் எழுதியிருந்தார். தாங்கள் யோவானை நீக்கியதும் ஹுஸ் பேசியதும் ஒன்றுதானோ என்ற ஐயம் உலகில் எழுந்துவிடக் கூடாது என்ற அச்சம் அவர்களைப் பிடித்திருந்தது. தங்கள் விசுவாசம் பழுதற்றது என்று காட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு பதிதர் தேவைப்பட்டார். இது என் முடிவு. தேதிகளின் நெருக்கமே இதற்கு எனக்குப் போதிய சான்று.

தீர்ப்பு நாளன்று ஹுஸுக்குக் குருத்துவ உடைகளை அணிவித்து, கையில் திருப்பலிக் கிண்ணத்தைக் கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். தலையின் வட்ட முடிவெட்டை அழிக்கச் சவரக்கத்தியா, கத்தரிக்கோலா என்று ஆயர்கள் தங்களுக்குள் வாதிட்டதை, உடனிருந்த மிளதோனோவிட்சே ஊர் பேதுரு எழுதி வைத்திருக்கிறார். பேய்களின் படம் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் வைத்து, ஊருக்கு வெளியே புல்வெளிக்குக் கொண்டு போனார்கள். கர்தினால் ஒருவரின் செத்த கோவேறு கழுதையைப் புதைத்த இடம் அது என்றும், தீயின் சூட்டில் மண் திறந்து நாற்றம் எழுந்தது என்றும் ரிக்கெந்தால் எழுதுகிறார். சாம்பலை அள்ளி ரைன் ஆற்றில் கொட்டினார்கள். அடுத்த ஆண்டு மே 30 அன்று ஹுஸின் நண்பர் பிராகு ஜெரோமையும் எரித்தார்கள். அதைப் பார்த்த போஜ்ஜியோ, ஜெரோமின் நாவன்மையையும் நெஞ்சுரத்தையும் பண்டைய தத்துவ ஞானிகளோடு ஒப்பிட்டு நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

பாரடீஸ் பகுதியில், வீடுகளுக்கு நடுவே, 1862இல் நிறுவிய பெரும்பாறை ஒன்று அந்த இடத்தைக் குறிக்கிறது. கொடிகள் படர்ந்த அந்தப் பாறையில் ஒருபுறம் ஹுஸின் பெயரும் மறுபுறம் ஜெரோமின் பெயரும் உள்ளன. அங்கே நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். 1999 டிசம்பரில் பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல், ஹுஸின் கொடிய சாவுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அந்தச் சொற்கள் 584 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தன. 452 பொகீமிய, மொராவியப் பிரபுக்கள் முத்திரையிட்டு அனுப்பிய கண்டனம் 1415 செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

சனிக்கிழமை

படகுத்துறைப் பண்டகசாலைக்குள் இன்று போனேன். கீழே உணவகம், மேலே கூட்ட அரங்குகள். தளத்தைத் தாங்கும் மரத்தூண்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒருவர் கட்டிப்பிடித்தாலும் பிடிக்குள் அடங்காத பருமன்.

அவிஞ்ஞோன் வழியில் வந்த 13ஆம் பெனடிக்டைப் பணியவைக்கச் சிகிஸ்மண்டு பெர்ப்பிஞான் வரை சென்று பேசியும் பயனில்லை. ஆனால் ஸ்பானிய அரசர்கள் அவரைக் கைவிட்டார்கள். 1417 ஜூலை 26 அன்று சங்கம் அவரைப் பதவி நீக்கியது. கடலோரத்துப் பெனிஸ்கோலா கோட்டையில் தாமே பாப்பரசர் என்று சொல்லிக்கொண்டு அவர் 1423 வரை வாழ்ந்தார். இனி யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கர்தினால்மாரோ மூன்று பாப்பரசர்களாலும் நியமிக்கப்பட்டவர்கள். எனவே 23 கர்தினால்மாரோடு, ஐந்து நாட்டுக் குழுக்களும் தலா 6 பேரை அனுப்ப, 53 பேர் வாக்களிப்பார்கள் என்றும், கர்தினால்மாரில் மூன்றில் இரு பங்கும் ஒவ்வொரு குழுவிலும் மூன்றில் இரு பங்கும் இசைந்தால்தான் தேர்வு செல்லும் என்றும் முடிவு செய்தார்கள். எந்த நாடும் பின்னால் "எங்களைக் கேட்கவில்லை" என்று சொல்ல இடமில்லாத ஏற்பாடு. கேட்பதற்கு நடக்கவே நடக்காது என்று தோன்றும்.

நவம்பர் 8 அன்று உள்ளே போனார்கள். ஒவ்வொருவருக்கும் சிறு அறை தடுத்து, சன்னல்களை அடைத்து, வெளியிலிருந்து வரும் உணவுக்குள் சீட்டு ஏதும் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பினார்கள். 11ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளன்று, தூய ஆவியை வேண்டிப் பாடியபடி ஊர்வலம் கட்டடத்தைச் சுற்றி வந்தது. அன்றே கர்தினால் ஒத்தோனே கொலோன்னா தேர்வானார். கூரையில் எப்போதும் அடைந்து கிடந்த காக்கைகள் அன்று வராமல், சிறு பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அமர்ந்தன என்று ரிக்கெந்தால் சொல்கிறார். குருப்பட்டம்கூடப் பெற்றிராத கொலோன்னாவுக்கு, அடுத்தடுத்த நாள்களில் திருத்தொண்டர், குரு, ஆயர் பட்டங்களை வழங்கி, நவம்பர் 21 அன்று 5ஆம் மார்ட்டின் என்று முடிசூட்டினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பிளவு முடிந்தது.

தேர்தலுக்கு முன்னரே, அக்டோபர் 9 அன்று, சங்கம் ஓர் ஆணை இயற்றியிருந்தது. அடுத்த பொதுச்சங்கம் 5 ஆண்டுகளில், அதற்கடுத்தது 7 ஆண்டுகளில், பின்னர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது அது. திருச்சபையின் ஆட்சியில் தொடர்ந்து ஒரு மன்றம் இருக்க வேண்டும் என்ற இந்தக் கனவைத்தான் இந்தச் சங்கத்தின் ஆகச் சிறந்த படைப்பாக நான் கருதுகிறேன். 1423இல் பவியா நகரில் கூட்டம் தொடங்கி, கொள்ளைநோய்க்கு அஞ்சிச் சியெனாவுக்கு மாறி, அதிகம் சாதிக்காமல் கலைந்தது. அடுத்தது 1431இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் பாசெலில் கூடி, பாப்பரசரோடு மோதிப் பிளந்தது. 1460இல் 2ஆம் பயஸ், பாப்பரசரின் தீர்ப்பை எதிர்த்துப் பொதுச்சங்கத்திடம் முறையிடுவதையே தடை செய்தார். ஹாலமும் அவரைப் போன்றவர்களும் கேட்ட சீர்திருத்தம் தள்ளிப்போடப்பட்டது.

வெளியே வந்தால், துறைமுகத்தின் முனையில் 9 மீட்டர் உயரப் பெண் சிலை ஒன்று மெல்லச் சுழல்கிறது. 1993இல் பீட்டர் லெங்க் செய்தது. அவள் இரு கைகளிலும் ஆடையற்ற இரு சிறு மனிதர்கள், ஒருவர் தலையில் பாப்பரசர் முடி, மற்றவர் தலையில் அரசர் முடி. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் அதிகம் படமெடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்த்த ஒரு காரியத்துக்கு இந்தச் சிலை மட்டுமே அடையாளமாக நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாக்களித்த 53 பேரின் பெயர்களைச் செதுக்கிய கல் ஒன்றாவது பண்டகசாலையின் வாசலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருக்கலாம். ஹுஸின் பெயரும் அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. 1958இல் ஆஞ்செலோ ரொங்காலி பாப்பரசரானபோது, ஐந்து நூற்றாண்டுகளாக யாரும் தொடாத யோவான் என்ற பெயரை எடுத்து, 23ஆம் யோவான் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். கான்ஸ்டன்சில் நீக்கப்பட்டவர் மெய்யான பாப்பரசர் வரிசையில் இல்லை என்பது அதனால் உறுதியாயிற்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைக் கூட்டியவரும் அவரே. நம் ஊர்க் கோயில்களில் இலத்தீன் போய்த் தமிழில் திருப்பலி வந்தது அந்தச் சங்கத்தால்தான்.

நாளை காலை ரயிலில் பாசெலுக்குப் போகிறேன். 1417 அக்டோபர் 9 ஆணையின்படி கூடி, பாப்பரசரோடு பல ஆண்டுகள் போராடிய அந்தச் சங்கத்தின் பேராலயத்தைப் பார்க்க வேண்டும். ஹுஸின் வழிவந்தவர்களை அங்கே விவாதத்துக்கு அழைத்து, 1433இல் அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டார்கள். அதைப் பற்றி அங்கிருந்து எழுதுகிறேன்.